பெரியப்பாவின் கராஜ்

ஸ்காபரோவில் தமிழர் வீட்டுக் கராஜுக்குள் கார் நிற்பதைக் காண்பது அரிது. கார் வெளியே பனியில் மூடுண்டு கிடக்கும். காலையில் வேலைக்குப் போகிறவர் கையுறை போட்டுக்கொண்டு கண்ணாடியில் பிடித்த ஐஸைச் சுரண்டுவார். அவருக்கு இரண்டடி பின்னால், பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கம், பனியும் காற்றும் படாமல் பத்திரமாக இருப்பவை: போன கலியாணத்துக்கு வாங்கிய பிளாஸ்ரிக் பூமாலைகள், பிள்ளைகள் வளர்ந்தபின் ஒருவரும் ஏறாத சைக்கிள்கள், ஊருக்கு அனுப்பவென்று சேர்த்து அனுப்பாமல் விட்ட உடுப்பு மூட்டை, கிடாரம், அகப்பை, மடக்குக் கதிரைகள், ஓடாத ரீவி. ஒரு மூலையில் காஸ் அடுப்பும் இருக்கும். மீன் பொரிக்கிற மணம் வீட்டுக்குள் போகக்கூடாது என்று கராஜைப் பாதிக் குசினியாக்கிய கெட்டித்தனம் எங்கள் சனத்துடையது. கதவை அரைவாசி உயர்த்திவிட்டு, குளிர்ச்சட்டையோடு நின்று மீன் பொரிக்கிற ஆட்களை இந்த நகரத்தில் எனக்கு நிறையத் தெரியும்.

எங்கள் கராஜும் அந்த ரகம்தான். இந்த வருசம் பனி கரைந்ததும் மகள் அதைத் துப்புரவாக்க இறங்கிவிட்டாள். இந்த வேலைக்கும் இப்போது ஒரு சாத்திரம் இருக்கிறது. முதலில் உள்ளே இருக்கிற எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். அரைகுறையாக எடுத்தால் ஒரு மூலைக் குப்பை மற்ற மூலைக்கு மாறுமே தவிரக் குறையாது. பிறகு வைக்க, கொடுக்க, எறிய என்று மூன்று குவியல். நிலத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது. சுவரும் முகடும்தான் சாமான் வைக்கிற இடம். காட்போட் பெட்டி ஆகாது, அது நிலத்து ஈரத்தைக் குடிக்கும், எலியும் கூடு கட்டும். மூடி போட்ட, உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்ரிக் பெட்டிதான் சரி. றிம்மோடு இருக்கிற ரயரை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைக்கலாம். றிம் இல்லாததை நிமிர்த்தி வைக்க வேண்டும். பார்பிகியூ காஸ் சிலிண்டர் கராஜுக்குள் இருக்கவே கூடாது, வெளியே காற்றோட்டத்தில் இருக்க வேண்டும். சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்றைத் திறந்து பார்த்தாள். சூடாக்காத கராஜில் இத்தனை மாரிகாலம் உறைந்து உருகி, திரிந்த பால்போல நீர் வேறு கட்டி வேறாகக் கிடந்தது. அதைக் குப்பை வாளிக்குள் போட முடியாது. பழைய பற்றறி, எஞ்சின் ஓயில் எல்லாவற்றோடும் சேர்த்து நகரசபையின் நச்சுக் கழிவு நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.

இவ்வளவுக்கும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. மனைவி மட்டும் வாசலில் நின்று, "இஞ்சருங்கோ, கிடாரத்திலை ஆரும் கை வைக்கப்படாது, சொல்லிப்போட்டன்" என்றாள். மகளின் கடைசிச் சட்டத்தில்தான் எனக்கு வாய் அடைத்துப்போனது.

"ஒரு வருசமாத் தொடாத சாமான் இனித் தேவைப்படாதப்பா. எறியவேண்டியதுதான்."

ரொறன்ரோவுக்கு இது நல்ல சட்டம். கோண்டாவிலில் எங்கள் பெரியப்பாவிடம் போய் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்.

பெரியப்பாவின் கராஜ் வீட்டுக்குப் பக்கத்தில், கிணற்றுக்குப் போகிற வழியில் இருந்தது. இடுப்பு உயரத்துக்குக் கல்லுச் சுவர், அதற்குமேல் கிடுகு, பனஞ்சிலாகையில் கட்டிய கூரை. நிலம் முழுக்கச் சீமெந்து இல்லை; கார்ச் சில்லு உருள்கிற அளவுக்கு இரண்டு பட்டி மட்டும், நடுவில் செம்மண். அந்த நடுவில் ஓர் ஆள் நின்று வேலை செய்கிற ஆழத்துக்குக் கிடங்கு. கிடங்குக்கு மேலே பலகை போட்டிருக்கும். சிறுவர்கள் அதில் நடந்தால் முதுகில் ஒன்று விழும். முகட்டு வளையில் விதை வெங்காயம் பிடிபிடியாகத் தொங்கும். கார் நிற்கிற இடத்தில் வெங்காயத்துக்கு என்ன வேலை என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. நிழலும் காற்றும் உள்ள இடம் வெங்காயத்துக்கும் நல்லது, காருக்கும் நல்லது. எஞ்சின் ஓயிலும் வெங்காயச் சருகும் கலந்த அந்த மணத்தை நான் பிறகு வேறெங்கும் மணந்ததில்லை.

கார் ஒஸ்ரின் ஏ-40 சோமசெட். இங்கிலாந்தில் 1952 முதல் 1954 வரைதான் அந்த மொடலைச் செய்தார்கள். 1200 சிசி எஞ்சின், உருண்டு திரண்ட முன்பக்கம், ஸ்ரேறிங்குக்குப் பக்கத்தில் கியர்த் தடி. பின்சீற்றில் எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு யாழ்ப்பாணத்தில் சட்டம் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நம்பர் தகட்டில் ஆங்கில எழுத்து. 'ஸ்ரீ' எழுத்து வருவதற்கு முந்திய வண்டி அது. 1958இல் ஊரெல்லாம் தகட்டிலிருந்த சிங்கள ஸ்ரீக்குத் தார் பூசியபோது, பெரியப்பா பூசுவதற்கு ஒன்றும் இல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றாராம். அந்தக் குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது.

அதில் அவர் வாடகைக்கு ஓடினார். மானிப்பாய் கிறீன் ஆசுபத்திரிக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பெண்கள், கீரிமலைக்கு அந்தியேட்டிக்குப் போகிறவர்கள், சந்நிதிக்கு நேர்த்தி வைத்தவர்கள், பொம்பிளை மாப்பிள்ளை. எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது புரோக்கருக்கு அடுத்ததாகப் பெரியப்பாவுக்குத்தான் தெரியும். வாய் திறக்கமாட்டார்.

அவர் ஒன்றையும் எறியவில்லை. தேய்ந்த ரயர், வெடித்த ரியூப், முறிந்த வில்லுத் தகடு, காற்றுப்போன வால்வு, தோல் உரிந்த வயர். பெரியம்மா பேசுவா. "அது சாப்பாடு கேக்குதோ? கிடந்திட்டுப் போகட்டும்" என்பது அவருடைய மாறாத பதில். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், இங்கே எங்கள் கராஜுகள் அவரிடம் தோற்கிற இடம் அதுதான்: அவருடைய சாமான்களுக்கு இடம் இருந்தது. நெஸ்ரமோல்ற் ரின்களில் போல்ற்று, நட்டு, வாசர், எல்லாம் அளவு அளவாக. ஒவ்வொரு ரின்னின் வெளியிலும் உள்ளே இருப்பதில் ஒன்றைக் கம்பியால் கட்டியிருப்பார். எழுத்து வேண்டாம், இருட்டிலும் தடவிப் பார்த்து எடுக்கலாம். மகள் இப்போது பெட்டிக்குப் பெட்டி அச்சடித்த லேபிள் ஒட்டுகிறாள். பெரியப்பாவின் முறை இதைவிட மேல் என்று நான் சொன்னால் வயதான ஆளின் கதை என்பாள். எனக்கு ஐம்பதும் ஆகவில்லை.

வளைந்த ஆணிகளை நிமிர்த்துவது எங்கள் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் ஒரு சிரட்டை ஆணி தருவார். தண்டவாளத் துண்டு ஒன்றில் வைத்து, ஆணியின் முதுகு மேலே வரும்படி உருட்டிப் பிடித்து, சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஓங்கி அடித்தால் வேறு இடத்தில் வளையும். நிமிர்ந்த ஆணியைப் புதிய ஆணியோடு அவர் கலக்கமாட்டார். அது வேறு ரின்.

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்தேவி நின்றது. கோண்டாவில் ஸ்ரேசனுக்கு ரயில் வருவது அத்தோடு முடிந்தது. பிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர்க் கட்டையையும் சனம் கழற்றிப் பங்கருக்குப் போட்டது. மின்சாரம் போனது. பெற்றோல், பற்றறி, மெழுகுதிரி, சீமெந்து, பசளை எல்லாம் தடை. தடைப் பட்டியல் ஒவ்வொன்றாகத் தெரியவரத் தெரியவர, பெரியப்பாவின் கராஜில் பத்து வருசம் ஒருவரும் தொடாத சாமான்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. ரயரை வெட்டிச் செருப்பாக்கினோம். ரியூப்பைக் கீறிச் சைக்கிள் கரியரில் விறகு கட்டினோம். வில்லுத் தகடு கொல்லனிடம் போய்க் கத்தியாகவும் கோடாலியாகவும் வந்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதில் மண்ணெண்ணெய், விளிம்பில் கொழுவ ஒரு கம்பித் துண்டு, கம்பியில் திரி. அந்த விளக்கில் நான் ஓ.எல். சோதனைக்குப் படித்தேன். கம்பித் துண்டு கராஜிலிருந்து வந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்து, ஒருவர் பெடலைச் சுழற்ற மற்றவர்கள் பிபிசி தமிழோசை கேட்டோம். கை சோர்ந்து சுற்று மெதுவாகினால் செய்தியும் முனகும். அந்த வயரும் கராஜிலிருந்துதான்.

பெரியம்மா அதற்குப்பிறகு பேசவில்லை. பெரியப்பாவும் "பாத்தியோ?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது அவ்வளவு பெரிய வெற்றியாக இருந்திராது.

கார் ஓடியதுதான் பெரிய வித்தை. எண்பதுகளில் வந்த யப்பான் கார்கள் பெற்றோல் இல்லாமல் படுத்துவிட, கிழட்டு ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. பழைய எஞ்சினில் அழுத்தம் குறைவு. கண்டதையும் குடித்துத் தாக்குப் பிடிக்கும். ஆனால் மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, அதனால் எடுத்த எடுப்பில் எஞ்சின் பிடிக்காது. விடியப்புறம் பெரியப்பா பொனற்றைத் திறப்பார். ஆசுபத்திரியில் கழித்த சேலைன் போத்தல் ஒன்று காபரேற்றருக்கு மேலே கம்பியில் தொங்கும். அதற்குள் நாலு விரல் உயரத்துக்குப் பெற்றோல், அந்த நாட்களில் தங்கம். ரியூப்பில் இருக்கிற சின்னச் சக்கரத்தை உருட்டினால் துளித்துளியாக இறங்கும். பற்றறி எப்போதோ செத்துவிட்டது. முன்னால் குனிந்து ஹாண்டில் சுழற்றுவது நான். "பெருவிரலை மற்ற விரலோடை சேர்த்து வை தம்பி" என்று ஒவ்வொரு முறையும் சொல்லுவார். ஹாண்டிலைச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் திருப்பி உதைக்கும்போது பெருவிரல் முறிந்துபோகும்.

பிடித்ததும் கொஞ்சநேரம் சூடேற விடுவார். பிறகு சக்கரத்தை இறுக்கி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வண்டி இருமும், குலுங்கும், பின்னால் வெள்ளைப் புகை எழும்பும், எல்லார் கண்ணும் எரியும். போய்ச் சேர்ந்து நிறுத்துமுன் திரும்பவும் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு ஓடவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கி அடுத்தமுறை எழும்பாது. பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவது அன்றாடம். மண்ணெண்ணெய் வழிந்து எஞ்சின் ஓயிலையும் நீர்க்கப்பண்ணும். எஞ்சினைக் கொல்லுகிற வேலை என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பிள்ளைப்பேற்றுக்காரருக்கு அதைச் சொல்ல முடியுமா?

நடுவில் இருந்த கிடங்கு எங்கள் பங்கரானது. மேலே பனங்குற்றி அடுக்கி, அதற்குமேல் மண்மூட்டை. கார் முற்றத்து மாமரத்துக்குக் கீழே போனது. பொம்மரின் இரைச்சல் கேட்டதும் எல்லாரும் அதற்குள் இறங்குவோம். ஓயில் ஊறிய சுவரில் முதுகு ஒட்டும். அப்பம்மா ஒருமுறை அதற்குள் இருந்துகொண்டு, "இந்தக் கிடங்கு வெட்டேக்கை காசைக் கரியாக்கிறான் எண்டு உவனை ஏசினனான்" என்றா. வெளியே குண்டு விழுகிறது, உள்ளே நாங்கள் சிரிக்கிறோம். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. மாமரத்துக்குக் கீழே நின்ற காரின் நினைவில் இருந்திருப்பார்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் பலர், நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மண்ணெண்ணெய் கைவசம் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அந்தச் சன நெரிசலில் நாவற்குழிப் பாலத்தடியில் றேடியேற்றர் கொதித்து நின்றிருக்கும். பெரியப்பா மழைக்குள் காரைத் திரும்பக் கராஜடிக்குத் தள்ளுவித்து, கல்லடுக்கி உயர்த்தி, நாலு சில்லையும் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டார். காபரேற்றரைக் கழற்றித் துணியில் சுற்றி ஒரு நெஸ்ரமோல்ற் ரின்னுக்குள் வைத்துச் சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டார். பெரியம்மா சாமிப் படத்தையும் காணி உறுதியையும் தூக்கினா. மீசாலையில் ஒரு பள்ளிக்கூட வாங்குக்குக் கீழே அந்த ரின் ஆறு மாதம் இருந்தது.

1996 சித்திரையில் திரும்பிப் போனபோது கராஜுக்குக் கூரை இல்லை. சிலாகை இல்லை. ரின்கள் எல்லாம் கவிழ்ந்து, போல்ற்றும் நட்டும் நிமிர்த்திய ஆணியும் செம்மண்ணில் ஒன்றாய்க் கலந்து கிடந்தன. கார் நின்றது, கதவுகள் இல்லாமல். சீற்றை யாரோ கழற்றிப் போயிருந்தார்கள். பெரியப்பா குந்தியிருந்து மண்ணிலிருந்து ஆணி பொறுக்கத் தொடங்கினார். அடுத்த வருசம் நான் கப்பலில் திருகோணமலை போய், கொழும்பு போய், இங்கே வந்து சேர்ந்துவிட்டேன். அதன்பிறகு நடந்தது கேட்டு அறிந்தது: 2002இல் ஏ-9 பாதை திறந்து பெற்றோலும் புதிய வான்களும் வந்தன, பழைய கார் தேடித் தென்னிலங்கையிலிருந்து வந்த ஒருவர் கூட்டையும் எஞ்சினையும் சேர்த்து வாங்கி லொறியில் ஏற்றிப் போனார், பெரியப்பா விலை பேசவில்லை, ரின்னில் இருந்த காபரேற்றரையும் எடுத்துக் கொடுத்தார். சண்டை முடிந்தபின் வந்த பழைய இரும்பு வியாபாரிகளுக்கு மிச்சமும் போனது. அந்தக் கராஜிலிருந்து ஒரு ஆணிகூட ஸ்காபரோவுக்கு வரவில்லை.

ஆகவே மகளின் மூன்று குவியலுக்கு நடுவே நின்று நான் காப்பாற்ற முயன்றது எதை? ஊரில் வைத்திருந்த குணத்தை இங்கே வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று தோன்றியது. ஓடாத ரீவியைத் திறந்து பார்க்கத் தெரிந்த கை எங்கள் வீட்டில் இல்லை. ரயரைச் செருப்பாக்குகிறவர் எந்தத் தெருவிலும் இல்லை. கொல்லன் இல்லை, ஈயம் பூசுகிறவர் இல்லை, போத்தல் வாங்க வருகிறவர் இல்லை. சாமான் தன் அடுத்த பிறவிக்குப் போகிற வழி முழுவதும் அடைபட்ட ஊரில், 'தேவைப்படும்' என்று சொல்லி வைப்பது பெரியப்பா செய்த காரியம் அல்ல. தடைக் காலத்தைக் காட்டிக் குவிக்கிற எங்கள் ஆட்களைக் கண்டால் எனக்குச் சிலவேளை எரிச்சல் வரும். அவர்களில் பலர் 1990க்கு முன்னமே கனடாவுக்கு வந்துவிட்டவர்கள்.

எறிந்தோம். உடுப்பு மூட்டை கொடுக்கப் போனது, சைக்கிள்கள் போயின. கிடாரம் தப்பியது, அதற்கு முகட்டில் கொழுக்கி போட்டாயிற்று. தொண்ணூறுகளில் ஊருக்குப் பேச வாங்கிய ரெலிபோன் காட்டுகள் ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருந்தன, எல்லாம் சுரண்டி முடித்தவை. அவற்றை மகள் கேட்காமலே 'எறிய' பக்கம் நானே கொட்டினேன். கலியாண வீடியோக் கசற்றுகளை 'வைக்க' பக்கம் வைத்தாள். நாடா இனியும் கிடந்தால் படம் உதிரும், உடனே கணினிக்கு மாற்ற வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

கடைசியாக ஒரு காட்போட் பெட்டி. அடியில் ஈரம் பிடித்திருந்தது. திறந்தால் கல்வெட்டுகள். செத்த வீட்டு முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கிற புத்தகங்கள். வாழ்க்கை வரலாறு, வம்சாவழி, வெண்பாவில் திதி, புலம்பல், தேவாரம். வாங்கி வந்தால் படிப்பவர் குறைவு, எறியப் பயம், அப்படியே கராஜுக்குப் போய்விடும்.

"இதுகளை ஆர் வாசிக்கப் போகினம்?" என்று மகள் கேட்டாள். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இருக்கிறது, இந்த நினைவு மலர்களையும் வருடி ஏற்றுகிறார்கள், ஊர்க் கதையும் வம்சாவழியும் வேறெங்கும் கிடைக்காது என்றேன். அவள் தன் போனில் தேடிப் பார்த்தாள். கோண்டாவில் என்று அடித்தாள். கொஞ்சநேரம் பேச்சு இல்லை. பிறகு பெட்டியைக் கராஜிலிருந்து எடுத்து வீட்டுக்குள் கொண்டுபோனாள். மூன்று குவியலிலும் சேராத ஒன்று அது.

மேசையில் வைத்துப் பிரித்தோம். 1993இல் அப்பம்மாவுக்குப் போட்டது கோடு கீறிய கொப்பித் தாளில் அடித்திருந்தது. அச்சுத் தாள் வராத காலம். அந்த நாட்களில் உதயன் பேப்பரே கொப்பித் தாளில் வந்ததுண்டு. ஒவ்வொரு வரிக்குக் குறுக்கேயும் நீலக் கோடு ஓடுகிறது. பெரியப்பாவின் கல்வெட்டு அதற்குப் பல வருசம் பிந்தியது, வழுவழுப்பான தாள், நிறப்படம். மகள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். முருக பக்தர், விருந்தோம்பலில் சிறந்தவர், சொல் தவறாதவர். வம்சாவழியில் என் பெயரும் கனடா என்ற அடைப்புக்குறியோடு இருந்தது. காரைத் தேடினேன். இரண்டாம் பக்கத்தில், விவசாயத்துக்கும் கோயில் தொண்டுக்கும் நடுவில், ஒரே ஒரு வரி: சிறிது காலம் வாடகை வாகனத் தொழிலிலும் ஈடுபட்டார்.

"சிறிது காலமோ?" என்றேன். அவள் பேனை எடுத்துத் தந்தாள். "வருடுறதுக்கு முதல் பக்கத்திலை எழுதி வையுங்கோப்பா, எத்தினை வருசம் எண்டு."